கேள்வி–பதில்: சேரன்மகாதேவியில் எழுந்த பந்தி வழக்கு

கேள்வி: சேரன்மகாதேவி குருகுலப் போராட்டத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் நான்கு வரிகளே உள்ளன. இரண்டு மாணவர்கள் தனியாகச் சாப்பிட்டதற்காக ஒரு பெரிய கட்சிக்குள் பிளவு ஏற்பட வேண்டுமா?
– பிளஸ் டூ மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் கேள்வியில் இருக்கும் ஐயம் அன்றே பலருக்கும் இருந்தது. லண்டனில் புரட்சியாளர்களோடு இருந்து, புதுச்சேரியில் பல ஆண்டுகள் தங்கி, பின்னர் சிறைக்கும் சென்று திரும்பிய வ.வே.சு. ஐயர், தாய்மொழிக் கல்வியையும் கைத்தொழிலையும் இணைத்துத் தேசத் தொண்டர்களை உருவாக்க வேண்டும் என்ற எண்ணத்தில், தாமிரபரணிக் கரையில் அந்தக் குருகுலத்தை நடத்தினார். தமிழ்நாடு காங்கிரஸ் அதற்குப் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்தது. சாதி பார்க்காமல் பலரும் நன்கொடை அளித்தனர். அப்படிப்பட்ட இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது.

பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். பிராமணப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பானையில் தண்ணீர் குடித்ததற்காக அவன் அடிபட்டான் என்பதும், வீட்டுக்கு வந்து தந்தையிடம் அழுதான் என்பதும் பரவலாகப் பதிவாகியிருக்கும் செய்திகள். தலைவர்கள் மேடையேறுவதற்கு முன்பே, தண்ணீர்ப் பானைக்கு முன்னால் நின்ற ஒரு பையன் இந்த வழக்கைத் தொடங்கிவிட்டான் என்றே நான் கருதுகிறேன்.

ஐயருக்கும் நாம் நியாயம் செய்ய வேண்டும். அவர் எல்லோருடனும் அமர்ந்து உண்டவர்; பிள்ளைகளைச் சேர்த்தபோது பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற மனமில்லாமல் தயங்கினார். ஆனால், பொதுப்பணத்தில் நடக்கும் தேசியக் கல்விக்கூடத்தில் பிறப்பை வைத்து இலை போடலாமா என்று காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் (பெரியார்) கேட்ட கேள்விக்கு அந்த வாக்குறுதி பதிலாகாது. விவகாரம் காந்தியடிகள் வரை சென்றது. 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து ஐயர் உயிர் நீத்தார். அதே ஆண்டு மே மாதம் ஈரோட்டில் பெரியாரின் ‘குடி அரசு’ வார இதழ் வெளிவரத் தொடங்கியது. நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு, அதாவது ஒவ்வொரு சமூகத்துக்கும் உரிய பங்கு கேட்ட தீர்மானத்துக்கு, இடம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். ஆகவே பிளவுக்குப் பந்தி மட்டுமே காரணம் என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். பந்தியில் கிடைத்த கசப்பு, பிரதிநிதித்துவக் கோரிக்கைக்கு வலுவூட்டியது என்று எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நிழல்தாங்கலில் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடியின் முன் வணங்குகிறார்கள். இதற்கும் சமூகச் சீர்திருத்தத்துக்கும் தொடர்பு உண்டா?
– கல்லூரி மாணவர், வள்ளியூர்

பதில்: நேரடியான தொடர்பு உண்டு. நிழல்தாங்கல் என்பது அய்யா வைகுண்டரைப் பின்பற்றுவோர் கூடி வழிபடும் இடம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், அன்றைய தென்திருவிதாங்கூரில், தாழ்த்தப்பட்ட சாதியினர் எதை உடுத்தலாம் என்பதையும் அரசே விதித்தது. சாமிதோப்பில் 1809இல் பிறந்த அய்யா வைகுண்டர், அந்த மக்களைத் தலைப்பாகையுடன் நிமிர்ந்து நின்று வழிபடச் செய்தார். எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும், ஒன்றாக அமர்ந்து உண்ணவும் வழி செய்தார். அரசு அவரைச் சிறையில் அடைத்தது. கண்ணாடியின் முன் நிற்பவர் காண்பது தம் முகத்தைத்தான். மனிதருக்குள் இறைவன் இருக்கிறார் என்பதே அதன் பொருள்.

இதே காலத்தில் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். சந்தையிலும் தெருவிலும் மேலாடை கிழிக்கப்பட்ட பிறகும் அவர்கள் மீண்டும் அணிந்து வந்தனர். 1859 ஜூலை அரசாணை நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற தடையையும் உடன் வைத்திருந்தது. பல நூல்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி எப்போது தொடங்கியது?
– பத்தாம் வகுப்பு மாணவி, மேலப்பாளையம்

பதில்: கல்லூரியானது 1895இல். அதற்கு முன்பே பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி அங்கே நடந்துவந்தது.