'10 பெண்களில் 9 பேர் ஒப்புக்கொண்டனர்' என்று டிவி விளம்பரத்தில் வந்தால் உடனே வாங்குபவர்கள் எப்படி இவ்வளவு எளிதாக ஏமாறுகிறார்கள்?

கேள்விக்குக் கீழே, "என் அம்மா பட்டம் படித்தவர், ஆனாலும் இப்படி ஒரு வரி டிவியில் வந்தால் அடுத்த வாரமே அந்த டப்பா வீட்டில் இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சமீபத்தில்தான் சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளை, அம்மா வாங்குவதற்கெல்லாம் இப்போது தீர்ப்பு சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது. தப்பாக ஊகித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் கேள்வியின் தொனி சுருக்கென்றது. ஏனென்றால் அந்த 10 பேரில் 9 பேரை எண்ணும் வேலையை நான் செய்திருக்கிறேன்.

படிப்பு முடித்து நல்ல வேலை அமையும்வரை ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் சர்வே எடுத்தேன். எந்த நிறுவனம், எந்தப் பொருள் என்று சொல்லப் போவதில்லை. முகத்துக்குப் போடும் கிரீம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முதல் தடவை போகும்போது பெயர் அச்சிடாத டப்பா ஒன்றை இலவசமாகக் கொடுப்போம். சில வாரம் கழித்துத் திரும்பப் போய்ப் படிவத்தை நிரப்பி வாங்க வேண்டும்.

அந்தப் படிவத்தில் கேள்வியே இருக்காது. எல்லாம் முடிந்த வாக்கியங்கள். 'என் சருமம் முன்பைவிட மென்மையாக இருப்பதாக உணர்கிறேன்.' பக்கத்தில் கட்டங்கள்: முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், ஓரளவு ஒப்புக்கொள்கிறேன், எந்தக் கருத்தும் இல்லை, மறுக்கிறேன். ஒப்புக்கொள்வதற்கு மூன்று கட்டம், மறுப்பதற்கு ஒன்று. கணக்குப் பார்க்கும்போது முதல் மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவிடுவார்கள். 'ஓரளவு' என்று இழுத்தவரும் டிவியில் 'ஒப்புக்கொண்டனர்' ஆகிவிடுவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்தக் கட்டங்களைப் பற்றி இல்லை. அந்தப் பெண்கள் எப்படி டிக் அடித்தார்கள் என்பதைப் பற்றி.

வெயிலில் அலைந்துவிட்டு ஒரு சின்னப் பெண் வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் கனமான பை. போன தடவை ஒரு டப்பா சும்மா கொடுத்துவிட்டுப் போனவள். அவளிடம் 'மறுக்கிறேன்' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "எதுல டிக் அடிச்சா உனக்கு நல்லதும்மா?" அப்படியெல்லாம் எதுவும் இல்லை, உங்களுக்குப் பட்டதைச் சொல்லுங்கள் என்று நானும் சொல்லித்தந்தபடி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டாவது கட்டத்தில் அடித்தார். இன்னொருவர் டப்பாவைத் திறக்கவே இல்லை, மூடி மேல் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. அவரும் 'ஓரளவு'தான். (அந்தப் படிவத்தை நான் கொடுக்கவில்லை. எழுதாமல் விட்டால் யாராவது கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.) இவர்களில் யாரும் அந்த கிரீம் ஏதோ மாயம் செய்யும் என்று நம்பவில்லை. வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நினைத்தார்கள். அந்த மரியாதையைத்தான் யாரோ சதவீதமாக மாற்றிக் கீழே நட்சத்திரக் குறி போட்டார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் சண்டை போட்டார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. 'முன்பைவிட' என்றால் எப்போதைவிட என்று கேட்டார். "நான் முகத்துக்கு எதுவுமே போடறதில்ல. காஞ்ச தோல்ல எதத் தடவினாலும் மென்மையாத்தானே இருக்கும்? வேற ஒரு கிரீமும் குடுத்து, எது எதுன்னு சொல்லாம ரெண்டையும் போட வெச்சாத்தான் அது சோதனை." நான் சம்பளத்துக்கு வந்தவள், என்ன பதில் சொல்ல? அவர் கட்டங்களைத் தொடவில்லை. சொன்னதை ஓரத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். அன்று மாலை சூப்பர்வைசர் அந்தப் படிவத்தின் மேல் 'முழுமையற்றது' என்று எழுதித் தனியே எடுத்து வைத்துவிட்டார். அதாவது அவர் அந்தப் பத்தாவது ஆளாகக்கூட ஆகவில்லை. கணக்கிலேயே இல்லை. அந்தத் தெருவில் சரியாக யோசித்துப் பேசிய ஒருவரின் கருத்து எந்த விளம்பரத்திலும் வராது.

"அப்போ எல்லா ஆய்வும் பொய்யா?" என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகச் செய்யும் ஆய்வுகள் உண்டு. ஆசிரியை சொன்ன மாதிரி, எது எது என்று தெரியாமல் இரண்டை ஒப்பிட்டுச் செய்வார்கள். நான் எல்லா நிறுவனங்களையும் பற்றிப் பேசவில்லை, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் பார்த்தது புதிதும் அல்ல. 1946-இல் அமெரிக்காவில் 'மற்ற எந்த சிகரெட்டையும்விட கேமலையே அதிக மருத்துவர்கள் புகைக்கிறார்கள்' என்று விளம்பரம் செய்தார்கள். அதற்கும் சர்வே இருந்தது. மருத்துவ மாநாடுகளில் இலவசமாக கேமல் பாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு, அப்புறம் உங்கள் பையில் இருப்பது என்ன பிராண்ட் என்று மருத்துவர்களையே கேட்டிருக்கிறார்கள். எங்கள் இலவச டப்பாவுக்குத் தாத்தா இந்த பாக்கெட். பதில் சொன்னவர்கள் படிக்காதவர்களா? மருத்துவர்கள்!

2007-இல் பிரிட்டனில் நடந்தது இன்னும் அழகு. '80 சதவீதத்துக்கும் மேலான பல் மருத்துவர்கள் கோல்கேட்டைப் பரிந்துரைக்கிறார்கள்' என்ற விளம்பரத்தை அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு நிறுத்தச் சொன்னது. எண்ணில் பிழை இல்லை. அந்த சர்வேயில் ஒரு மருத்துவர் எத்தனை பற்பசையை வேண்டுமானாலும் சொல்லலாம். போட்டி பிராண்ட் ஒன்றுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பரிந்துரை வந்திருந்தது. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? மீதி பிராண்டுகளெல்லாம் சேர்ந்து 20 சதவீதத்துக்குள் என்று நினைப்பார்கள். அப்படி நினைப்பது முட்டாள்தனமா? என் கணக்கில் இல்லை.

'99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்' என்பதும் இந்த ரகம்தான். பெரும்பாலும் ஆய்வகத்தில், சொன்ன நேரம் ஊறவிட்டு, தேர்ந்தெடுத்த சில கிருமிகளை வைத்துச் செய்த சோதனையாக இருக்கும். 10 லட்சம் கிருமிகளில் 99.9 சதவீதம் போனாலும் 1,000 மிச்சம். சரி, அதை விடுங்கள்.

என் பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார். வீட்டுப் பெண்கள் கையில் எந்த டப்பாவைப் பார்த்தாலும் "டிவி சொன்னா வாங்கிடுவீங்களே" என்பார். அதே மனிதர், எகிப்தின் பிரமிடுகளை மனிதர்கள் கட்டியிருக்கவே முடியாது என்று அதே டிவியில் பார்த்துவிட்டு வந்து எல்லோருக்கும் வகுப்பு எடுப்பார். கிசாவில் பிரமிடு கட்டிய தொழிலாளர்களின் கல்லறைகள் 1990-இலேயே கிடைத்துவிட்டன. 2013-இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. மெரெர் என்ற அதிகாரி தன் ஆட்களோடு துராவிலிருந்து சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றி கிசாவுக்குக் கொண்டுபோனதை நாள் நாளாகக் குறித்து வைத்திருக்கிறார். 4,500 ஆண்டு பழைய டியூட்டி ரிஜிஸ்டர்! இதைச் சொன்னால் அண்ணன், "அது உங்களுக்குக் காட்டற வரலாறு" என்கிறார். சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்பது அவருடைய இன்னொரு நம்பிக்கை. 2003-இல் பூமியைச் சுற்றி வந்த சீன விண்வெளி வீரர் யாங் லிவேயே, தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னார். நிலாவோடு ஒப்பிட்டால் அவர் போனது பக்கத்து வீடு.

அந்த மாதிரி நிகழ்ச்சிகளிலும் யாரும் நேராகப் பொய் சொல்வதில்லை. 'இருக்கலாமோ?' என்று இசையோடு கேட்டுவிட்டு விளம்பர இடைவேளைக்குப் போய்விடுவார்கள். அதை நம்பினால் அறிவுத் தேடல். கிரீம் வாங்கினால் ஏமாளித்தனம். யார் எதற்கு ஏமாளி ஆகிறார்கள் என்பதில் வீட்டுக்குள்ளேயே ஒரு பாரபட்சம் இருக்கிறது. இது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். பல வருடமாகச் சொல்ல நினைத்தது, இங்கே வந்துவிட்டது.

விளம்பரத்தை நம்பிய ஒரு அம்மாவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1891-இல் லண்டனில் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்று ஒரு கருவி விற்றார்கள். மூக்கில் வைத்து உறிஞ்ச வேண்டும். சொன்னபடி உபயோகித்தும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று பத்திரிகையில் விளம்பரம். லூயிசா கார்லில் அதை வாங்கி, தினம் மூன்று வேளை விடாமல் உபயோகித்தார். 1892 ஜனவரியில் காய்ச்சல் வந்தது. பணத்தைக் கேட்டார். அதெல்லாம் வெறும் விளம்பரப் பேச்சு, சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது என்று வாதாடியது நிறுவனம். நம்பியவர் பேரில்தான் தப்பு என்று நீங்கள் சொல்வதற்கு வெகு தூரம் இல்லை அது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த 1,000 பவுண்டைச் சுட்டிக்காட்டி, விளையாட்டாகச் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது என்றது. 100 பவுண்டைக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றும் ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கைத் தாண்டாமல் போக முடியாது. அவரும் சாமர்த்தியமாக வாங்காமல் இருந்திருந்தால் வழக்கே இல்லை.

உங்கள் அம்மாவிடம் என்ன பேசலாம் என்றால், அடுத்த தடவை அந்த வரி வரும்போது திரையின் அடியில் ஓடும் பொடி எழுத்தை மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கி அவரிடம் கொடுங்கள். எத்தனை பேரைக் கேட்டார்கள், எத்தனை நாள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று அவரே பார்க்கட்டும். பார்த்த பிறகும் வாங்கினால் வாங்கட்டும். வாசனை பிடித்திருக்கலாம், விலை சரியாக இருக்கலாம். அந்த 9 பேருக்காகத்தான் வாங்குகிறார் என்பது உங்கள் ஊகம், அவரைக் கேட்டீர்களா என்று கேள்வியில் எங்கும் இல்லை.

கருத்துப் பெட்டியில் அது எந்த கிரீம் என்று கேட்காதீர்கள், பதில் வராது. "நீங்களும் அதில் பங்குதானே" என்று எழுத வருபவர்களுக்கு: நான் நிரப்பிய படிவங்களில் அவர்கள் சொன்னதைத் தவிர ஒரு டிக்கூட நானாக அடித்தது இல்லை. கூட்டல் கணக்கு வேறு யாரோ போட்டது.