எண்பது பக்கப் பட்டியலில் கவுண்டர் ஊழியர் எங்கே?

கேள்வி: ஏழு பேர் கொண்ட சிறிய மென்பொருள் டீமை நடத்துகிறேன். ஒரு மருத்துவமனைக்கு நோயாளிப் பதிவையும் அப்பாயின்ட்மென்ட்டையும் கவனிக்கும் மென்பொருள் செய்ய ஒப்பந்தமாகியிருக்கிறது. கையில் எண்பது பக்கத் தேவைப் பட்டியல், ஆறு மாதக் கெடு. இதற்கு முன் வேறொரு இடத்துக்குச் செய்த மென்பொருளைப் பட்டியலில் இருந்தபடியே முடித்துக் கொடுத்தோம். கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் ஊழியர்கள் கொஞ்ச நாளிலேயே பழைய எக்செல் ஷீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த முறையாவது பயனரை மையமாக வைத்துத் திட்டமிடலாம் என்றால், “அதெல்லாம் ஸ்கிரீன் டிசைன் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் எங்கள் மேலாளர். கிளையன்ட்டோ, “எதுவானாலும் எங்கள் ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள்” என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: அந்த எண்பது பக்கத்தையும் யார் எழுதியது என்று நீங்கள் சொல்லவில்லை. நிர்வாகமும் ஐ.டி. பிரிவும் சேர்ந்து எழுதியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். பணம் கொடுப்பவர் ஒருவர், ஒப்புதல் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர், நாள் முழுக்க அதன் முன்னால் உட்காரப்போகிறவர் மூன்றாமவர். முதல் இருவருக்கு வேண்டியதெல்லாம் பட்டியலில் இருக்கும். போன முறை எக்செல்லுக்குத் திரும்பிப் போனவர் மூன்றாமவர்.

உங்கள் மேலாளர் சொல்வது பாதி சரி. பொத்தானை எங்கே வைப்பது, எழுத்து எவ்வளவு பெரிதாக இருப்பது என்பதையெல்லாம் ஸ்கிரீன் வரையும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பதிவுக்கு எந்தெந்தத் தகவல் கட்டாயம், பாதியில் விட்ட பதிவு எங்கே போகும், ஒரே நோயாளிக்கு இரண்டு எண் விழுந்துவிட்டால் எப்படிச் சேர்ப்பது என்பவை டேட்டாபேஸ் அமைக்கும்போதே முடிவாகிவிடும். ஸ்கிரீன் வரைய உட்காரும் நேரத்தில் அதையெல்லாம் மாற்றப் போனால் பாதி வேலையைப் பிரித்துப் போட வேண்டியிருக்கும்.

ஆகவே, கோடிங் தொடங்கும் முன் பதிவுக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள், அதுவும் காலை நெரிசலில். கேள்வித்தாள் எதுவும் வேண்டாம். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் “வேகமா இருக்கணும், ஈஸியா இருக்கணும்” என்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு ஸ்கிரீன்கூட வரைய முடியாது. கேட்பதை விட்டுவிட்டுப் பாருங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அதில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு எண். மென்பொருள் எண்ணைக் கேட்கிறது, ஊழியருக்கோ துறையின் பெயர்தான் ஞாபகத்தில் நிற்கிறது. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். கூட்டம் அலைமோதும்போது பெயரையும் வயதையும் மட்டும் அதில் கிறுக்கிவைத்து, மதியத்துக்கு மேல் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். போன் இல்லாத ஒரு முதியவர் வந்து நிற்பார். தொலைபேசி எண் இல்லாமல் ஃபார்ம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஊழியர் வரிசையாக ஒன்பதுகளைத் தட்டிவிட்டு, “அடுத்தவங்க வாங்க” என்பார்.

இந்த ஒன்பதுகளில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பட்டியலில் இது “தொலைபேசி எண்: கட்டாயம்” என்று ஒரே வரியாகத்தான் இருக்கும். வேறெங்கோ ஒரு பக்கத்தில், “தொலைபேசி எண்ணைக் கொண்டு பழைய நோயாளியைத் தேடும் வசதி” என்றும் இருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான தேவைகள். சேர்ந்தால், போன் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே தேடலில் வந்து குவிவார்கள், ஒருவரின் மருந்து விவரம் இன்னொருவர் பெயரில் ஏறவும் வழி பிறக்கும். மருத்துவமனையில் இது விளையாட்டில்லை. ஊழியர் விதியை மீறுகிறார் என்று ஐ.டி. பிரிவு சொல்லக்கூடும். வரிசையில் நிற்பவரை அனுப்பிவைக்க அவருக்கு வேறு வழி எதுவும் கொடுக்கப்படவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

போய் உட்காருபவர்களில் கோடிங் செய்யப்போகிறவர் ஒருவராவது இருக்கட்டும். தேவைகளைக் கேட்டு எழுதும் அனலிஸ்ட் மட்டும் போய்விட்டு வந்து அறிக்கை எழுதினால், அந்த ஒன்பதுகள் அதில் “தரவுத் தரச் சிக்கல்” என்று ஒரு வரியாகச் சுருங்கிவிடும். கற்பனைப் பயனருக்கு ஒரு பெயர், ஒரு புகைப்படம், இரண்டு பொழுதுபோக்குகள் கொடுத்துச் சுவரில் ஒட்டும் ‘பெர்சோனா’ வேலையை யாராவது முன்மொழிவார்கள். நேரில் பார்த்தவர்களை வைத்துச் செய்தால் நல்லது. மீட்டிங் அறையில் உட்கார்ந்து செய்வதென்றால் அந்த நேரத்துக்கு எல்லோரும் தேநீர் குடிக்கப் போகலாம்.

இதெல்லாம் புதுச் சரக்கு இல்லை. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜான் கோல்டும் கிளேட்டன் லூயிஸும் 1985-லேயே மூன்று விதிகளை எழுதிவைத்தார்கள்: தொடக்கத்திலேயே பயனரையும் அவர் வேலையையும் கவனி, செய்ததைப் பயனரிடம் கொடுத்து அளந்து பார், அளந்ததை வைத்துத் திருத்தித் திரும்பச் செய். மென்பொருள் வடிவமைப்புத் துறையினர் 447 பேரிடம், முக்கியமான படிகள் எவை என்று எழுதச் சொன்னார்கள். மூன்றையும் குறிப்பிட்டவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. காதில் கேட்டால் “இது தெரிந்ததுதானே” என்றிருக்கும், திட்டம் போடும்போது மறந்துபோகும்.

கோல்டின் குழு அதைச் செய்தும் காட்டியது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வீரர்களுக்குக் குரல் செய்தி அனுப்பவும் கேட்கவும் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். முதலில் எழுதியது புரோகிராம் அல்ல, ஒரு வீரர் செய்தி கேட்கும்போது அமைப்பு என்ன சொல்லும், அவர் எதை அழுத்துவார் என்று நாடகம் போல எழுதிய சில பக்கங்கள். அதைப் பலரிடம் படிக்கக் கொடுத்து, அவர்கள் முகம் சுளித்த இடங்களைத் திருத்தினார்கள். பயனர் கையேட்டையும் ஆரம்பத்திலேயே எழுதிச் சோதித்தார்கள். காகிதத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுத ஒரு நிமிடம் போதும், அவ்வளவுதான் கணக்கு.

நீங்களும் காகிதத்திலேயே தொடங்குங்கள். ஒரு பதிவுக்குத் தேவையான ஸ்கிரீன்களைத் தனித்தனித் தாளில் பேனாவால் வரையுங்கள். கவுண்டர் ஊழியரிடம், “இவர் இரண்டாம் முறை வருகிறார், பழைய சீட்டைத் தொலைத்துவிட்டார், பதிவு செய்யுங்கள்” என்று ஒரு வேலையைக் கொடுங்கள். விரலால் தொட்டுக் காட்டட்டும், உங்களில் ஒருவர் கம்ப்யூட்டராக இருந்து அடுத்த தாளை எடுத்து வைக்கட்டும். மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் தடுமாறும்போது “மேலே வலதுபக்கம் இருக்கு பாருங்க” என்று நாக்கு நுனி வரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் அவர் தனியாக இருக்கும்போது அதைச் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

எத்தனை பேர் போதும் என்றால், மென்பொருளைப் பயன்படுத்துவதில் உள்ள சிக்கல்களை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-ல் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வருகிறார் என்றால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும். அதற்காக ஐந்து பேரோடு கடையை மூடிவிடாதீர்கள். ஐந்து பேரிடம் பார்த்து, திருத்தி, இன்னும் ஐந்து பேரிடம் பார்ப்பதில்தான் லாபம். கவுண்டர் ஊழியர், செவிலியர், டாக்டர் மூவரும் வேறு வேறு விதமாகப் பயன்படுத்தினால் ஒவ்வொரு தரப்புக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

“எளிதாகப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும்” என்று பட்டியலில் எங்காவது இருந்தால் அடித்துவிட்டு அளக்கக்கூடியதாக எழுதுங்கள். “புதிதாகச் சேர்ந்த ஊழியர், யாரையும் கேட்காமல், ஒரு புதிய நோயாளியை இரண்டு நிமிடத்தில் பதிவு செய்ய வேண்டும்” என்பது போல. இரண்டு நிமிடமா மூன்றா என்பதை இப்போது அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவுண்டரில் அளந்து முடிவு செய்யுங்கள்.

ஆறு மாதத்தில் இதற்கு எங்கே இடம் என்பதுதான் மேலாளரின் உண்மையான கவலையாக இருக்கும். முதல் இரண்டு வாரம் கவுண்டருக்கு, அடுத்த இரண்டு வாரம் காகிதத்துக்கு. அப்புறம் கோடிங் நடக்கும்போது மாதம் ஒருமுறை ஊழியர் கையில் கொடுத்துப் பார்க்க ஒரு நாள், அதில் தெரிவதைத் திருத்த அதற்கடுத்த வாரம் முழுவதும். இந்தத் திருத்தும் வாரத்தை அட்டவணையில் இப்போதே எழுதிவிடுங்கள். பல திட்டங்களில் சோதனைக்குத் தேதி இருக்கும், திருத்தத்துக்கு இருக்காது. தெரிந்த குறை அப்படியே டெலிவரி ஆகும். “நாங்கள்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ காட்டுகிறோமே” என்று மேலாளர் சொன்னால், டெமோவில் மவுஸ் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

கிளையன்ட்டின் ஐ.டி. பிரிவைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், பகை வரும். “பயனர் ஆய்வு” என்று பெரிய வார்த்தை எதுவும் போடாமல், “எங்கள் ஆள் ஒருவர் இரண்டு நாள் காலையில் கவுண்டரில் ஓரமாக உட்காரட்டும்” என்று கேளுங்கள். நோயாளிகளின் விவரம் எதையும் எழுதவோ படம் பிடிக்கவோ மாட்டோம் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள், அவர்கள் தயக்கத்துக்கு அது பெரிய காரணம். ஐ.டி. பிரிவிலிருந்து ஒருவரையும் கூடவே உட்காரச் சொல்லுங்கள். அந்த ஒன்பதுகளை அவரே பார்த்துவிட்டால் பிறகு நீங்கள் வாதாட வேண்டியதில்லை. எழுத்தில் ஆதாரம் கேட்டால் ஐ.எஸ்.ஓ. 9241-210 இருக்கிறது. மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்புக்கான சர்வதேசத் தரநிலை அது, 2010-ல் வந்து 2019-ல் திருத்தப்பட்டது. ஒப்பந்த இணைப்பில் அதைக் குறிப்பிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்படியும் கதவு திறக்கவில்லையா? பயனரைச் சந்திக்க அனுமதி இல்லை என்பதைத் திட்டத்தின் ஆபத்துப் பட்டியலில் முதல் வரியாக எழுதி, மேலாளரிடமும் கிளையன்ட்டிடமும் கையெழுத்து வாங்குங்கள். எல்லாக் கவுண்டரிலும் ஒரே நாளில் திறப்பதாக இருந்தால் அதை மாற்றி, முதலில் ஒரே ஒரு கவுண்டரில், பதிவு வசதியை மட்டும், மூன்றாம் மாதமே ஓடவிடும்படி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். நேரடிப் பயிற்சிக்கும் பிரச்சினை தீர்க்கவும் என்று சொல்லி அங்கே போய் உட்கார உங்களுக்கு அப்போது அனுமதி கிடைத்துவிடும்.