தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் எத்தனை கிலோ குறையும்?

முதல் மாதம் ஏறக்குறைய 2 கிலோ. அதை அப்படியே 12ஆல் பெருக்கி ஆண்டுக்கு 24 கிலோ என்று கணக்குப் போடாதீர்கள். பலர் மனம் சோர்ந்து பாதியில் விடுவது இந்தப் பெருக்கலால்தான்.

2 கிலோ எப்படி வருகிறது? உடலில் சேரும் ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் சுத்தக் கொழுப்பு சுமார் 870 கிராம், மீதி பெரும்பாலும் தண்ணீர். கிராமுக்கு 9 கலோரி வைத்தால் சுமார் 7,800 கலோரி; வழக்கமாகக் கணக்குக்கு 7,700 என்று எடுத்துக்கொள்வார்கள். 500 × 30 = 15,000; அதை 7,700ஆல் வகுத்தால் 1.95.

ஆனால் எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைகிறது. இளைத்த உடம்பைச் சுமந்து நடக்க ஆற்றல் குறைவாகப் போதும், குறைந்த சாப்பாட்டைச் செரிக்கவும் அப்படித்தான். நமக்கே தெரியாமல் நடமாட்டமும் சுருங்கும். ஆக, முதல் நாள் 500 ஆக இருந்த பற்றாக்குறை, சாப்பாட்டை மாற்றாவிட்டாலும் மாதாமாதம் கரைந்துகொண்டே வரும். உடல் எடை ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2011இல் தந்த கணக்கு இதற்கு நன்றாக உதவும்: தினசரி உணவில் நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் கடைசியில் 1 கிலோ குறையும், அதில் பாதி குறையவே ஓராண்டு ஆகும். 500 கலோரிக்கு மொத்தம் 21 கிலோ, முதல் ஆண்டில் சுமார் 10.

அடுத்து, நீங்கள் குறைப்பது உண்மையிலேயே 500தானா? சமையல் எண்ணெயைக் கண்ணளவாக ஊற்றினால் கணக்கு கெட்டது; ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. தானியத்தை வேகவைத்த பின் எடை போட்டுவிட்டு, வேகாத தானியத்தின் கலோரியைப் பார்த்து எழுதுவது இன்னொரு தவறு. கைக்கடிகாரம் காட்டும் உடற்பயிற்சிக் கலோரியை நம்பி அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடவே வேண்டாம்.

ஆகவே உங்கள் எடையிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடும் முன் தினமும் எடை பாருங்கள். ஒருநாள் எண்ணுக்குப் பொருளில்லை. முந்தைய இரவு உப்பு கூடினாலோ மாதவிலக்கு நெருங்கினாலோ தண்ணீர் தங்கி ஒரு கிலோகூட ஏறி நிற்கும். 7 நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் இரண்டு வாரத்தைச் சேர்க்காதீர்கள். மாவுச்சத்தின் கையிருப்பான கிளைக்கோஜன் கரையும்போது, கிராமுக்கு சுமார் 3 கிராம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். அப்போது விழும் எடையில் கொழுப்பின் பங்கு குறைவு.

அதற்குப் பிறகு 28 நாளில் சராசரி 1.2 கிலோ இறங்கியது என்று வையுங்கள். 1.2 × 7,700 = 9,240; அதை 28ஆல் வகுத்தால் 330. உங்கள் உண்மையான பற்றாக்குறை அதுதான். வேகம் போதாதென்றால் இன்னும் 100–150 குறைக்கலாம், அல்லது அந்த அளவுக்கு நடையைக் கூட்டலாம். ஒரேயடியாக 1,000 குறைத்தால் தசையும் சேர்ந்து கரையும்; புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் இல்லாவிட்டால் இன்னும் அதிகமாக.

இன்சுலின் போன்ற சர்க்கரை குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் உணவைக் குறைக்காதீர்கள். மருந்தின் அளவு மாறாமல் சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.