மளிகைக் கடைகளில் பீர் விற்க உரிமம் கொடுத்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என்ன ஆகும்?

இப்போதைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1937 மதுவிலக்குச் சட்டத்தை 2003இல் திருத்தி, சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஹோட்டல் பார், மனமகிழ் மன்றம் எல்லாம் தனி உரிமம். (அந்த 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே சேலம் மாவட்டத்தில்தான். அப்போது நம் இரண்டு மாவட்டமும், அவர் பிறந்த தொரப்பள்ளியும் அதில்தான் இருந்தன.)

சட்டத்தை மாற்றினால் என்று வைத்துக்கொள்வோம். காவேரிப்பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். உரிமத்தைச் சும்மா கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

நான் ஒழுக்கம் பேசவில்லை. சிக்கல் கடன் நோட்டில் இருக்கிறது. எங்களைப் போன்ற கடைகளில் வியாபாரம் பெரும்பாலும் மாதக் கணக்குதான். அரிசி, துவரம்பருப்பு, சோப்பு என்று வரிசையாக எழுதி வைப்போம். சம்பளம் வந்ததும் வீட்டம்மா வந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக் கணக்கு முடிப்பார். சிகரெட் வாங்குகிறவர்கள் இப்போதே, "அண்ணா, அதை இதரன்னு போட்டுக்குங்க" என்கிறார்கள். சின்னத் தொகை என்பதால் யாரும் கேட்பதில்லை. பீர் வந்தால் அந்த 'இதர' அரிசிக் கணக்கைத் தாண்டிவிடும். டாஸ்மாக்கில் கடன் கிடையாது. கையில் காசு இல்லாத அன்றைக்காவது மனுஷன் நேராக வீட்டுக்குப் போகிறான். அந்த ஒரு தடையையும் நானே எடுத்துவிட வேண்டுமா?

அப்புறம் தூரக் கணக்கு. மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் பள்ளி, கோயிலில் இருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் மதுக்கடை இருக்க வேண்டும். மளிகைக் கடை எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்துக்கு எதிரில். பையைக் கொடுத்து அனுப்புவதும் பிள்ளைகளைத்தான். 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்றால், மாமாவுக்கு வாங்க வந்தேன் என்று நிற்கும் பையனிடம் நான் என்ன சொல்வது?

சந்துக்கடை, அதாவது திருட்டுத்தனமாக மது விற்கும் இடம், ஒழியும் என்று ஒரு வாதம் வருகிறது. ஒழியாது. சந்துக்கடையில் ஓடுவது குவார்ட்டரும் கர்நாடகா மதுப் பாக்கெட்டும். விடிகாலையில், டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறப்பதற்கு முன்னால், கை நடுங்க வந்து நிற்கிறவருக்கு 650 மில்லி பீர் எதற்கு? இடுப்பில் செருகிக்கொண்டு போகவும் முடியாது.

வெளிநாட்டு உதாரணம் காட்டுகிறவர்கள் அங்குள்ள நிபந்தனைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது முடிவு மாநிலங்களிடம் போனது. பல மாநிலங்களில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவிலும் ஊர் அளவிலும் ஓட்டுப் போட்டு, வேண்டும் வேண்டாம் என்று தீர்மானிக்கிறார்கள். பென்சில்வேனியாவில் மளிகைக் கடைக்காரர் பீர் விற்க, உணவக உரிமம் வாங்கி, உட்கார்ந்து சாப்பிட நாற்காலி போட வேண்டும். நம் பக்கத்தில் மகாராஷ்டிரா 2022 ஜனவரியில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பி நடைமுறைக்கு வரவில்லை. இங்கேயும் 2023இல் கல்யாண மண்டபத்துக்கு மது உரிமம் என்று அறிவித்து, உடனே பின்வாங்கினார்கள்.

அந்த ஊர் ஓட்டு மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. கிராம சபையில் கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டு, பெண்கள் மறுபடி சாலையில் உட்கார வேண்டிய நிலை இருக்காது.

ஓசூரில், பில் போட்டு உடனே பணம் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு மட்டும் கொடுத்தால் நடக்கலாம். கடன் கிடையாது, கேமரா இருக்கும், அடையாள அட்டை கேட்க ஆள் இருப்பார். ஆனால் பீர் வாங்கப் போகிறவர் மாதச் சாமானையும் அங்கேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் ஓசூர் மளிகைக் கடைக்காரர்கள் இதை ஆதரிக்க மாட்டார்கள், நானும்தான்.