விரைவுக் குறிப்பு தயாரிப்பவர்களின் கேள்விகள்

எக்செல்லுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறேன். மெனு வரிசைப்படியே எழுதிவிடலாமா?

வேண்டாம். குறிப்பைத் தேடி வருபவர் வேலையின் நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கிறார். எந்த வசதி எந்த மெனுவில் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். அதனால் வேலையைத் தலைப்பாக வையுங்கள். ‘அப்சல்யூட் ரெஃபரன்ஸ்’ என்று தலைப்பிட்டால், அந்தப் பெயர் தெரிந்தவர் மட்டும்தான் கண்டுபிடிப்பார். ‘ஃபார்முலாவை இழுக்கும்போது செல் முகவரி மாறாமல் இருக்க: எஃப்4’ என்றால் எல்லாருக்கும் புரியும். தலைப்புகளை நீங்களே யோசித்து உருவாக்குவதைவிட, கூட வேலை செய்பவர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே சில நாள் குறித்து வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஷார்ட்கட் விசைகளில் விண்டோஸையும் மேக்கையும் சேர்த்தே போடலாமா?

ஒரே பக்கத்தில் இருக்கலாம், ஆனால் தனித்தனிப் பத்தியில். ‘கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. மேலே சொன்ன எஃப்4 வேலையை மேக் எக்செல்லில் கமாண்ட்+டி (T) செய்யும். இன்னொன்று, ஒரே விசை இடத்துக்கு இடம் வேறு வேலை செய்யும். கண்ட்ரோல்+இசட் எக்செல்லில் கடைசி மாற்றத்தைத் திரும்பப் பெறும். லினக்ஸ் டெர்மினலில் ஓடும் நிரலை நிறுத்தி வைக்கும். எந்தச் சூழலுக்கான விசை என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் (Git) கட்டளைகளில் ஆபத்தானவற்றைக் குறிப்பில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். எச்சரிக்கை அதே வரியில் இருக்க வேண்டும், பக்கத்தின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு அல்ல. அவசரத்தில் இருப்பவர் அடிக்குறிப்பு வரை போகமாட்டார். கட்டளையை அப்படியே நகலெடுத்து ஓட்டிவிடுவார். ‘கிட் ரீசெட்’ கட்டளையை ‘ஹார்ட்’ தெரிவுடன் ஓட்டினால், கமிட் செய்யாத, அதாவது கிட்டில் பதிந்து வைக்காத, மாற்றங்கள் போய்விடும். கமிட் செய்தவற்றைப் பெரும்பாலும் ‘ரெஃப்லாக்’ என்ற கிட்டின் உள்பதிவேடு மூலம் தேடி எடுக்கலாம். இந்த வேறுபாட்டையும் எழுதுங்கள். ஒருவருடைய ஒரு நாள் உழைப்பை அந்த அரை வரி காப்பாற்றும்.

ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. எழுத்தளவைக் குறைக்கலாமா?

எழுத்தைக் குறைக்காதீர்கள், வரிகளைக் குறையுங்கள். நகலெடுப்பது, ஒட்டுவது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை எடுத்தாலே இடம் கிடைக்கும்.

புதிய பதிப்பு வரும்போதெல்லாம் திருத்த வேண்டுமா?

முதலில், எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள், எந்தத் தேதியில் என்பதைப் பக்கத்தின் தலையில் போடுங்கள். அட்டவணையில் மதிப்பைத் தேடித் தரும் எக்ஸ்லுக்கப் ஃபார்முலா எக்செல் 2021-இல் உண்டு, 2019-இல் இல்லை; பதிப்பு எண் இல்லாவிட்டால், பழைய பதிப்பு வைத்திருப்பவர் தன்மீதே சந்தேகப்படுவார். அப்புறம், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் எல்லா வரிகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதை நீங்கள் செய்வதைவிட, அந்த மென்பொருளுக்குப் புதியவர் ஒருவரைக் குறிப்பை மட்டும் வைத்துச் செய்யச் சொல்வது நல்லது. அவர் எங்கே தயங்குகிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.