யாழ்ப்பாணத்தில் படித்தவர்களும் நூல் கட்டுவது ஏன்?

கேள்வி இதுதான்: "யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு டொக்டரும் எஞ்சினியரும் இருந்தும், வருத்தம் வந்தால் மந்திரித்த நூல் கட்டுவதும் பார்வை பார்ப்பதும் ஏன் இன்னும் போகவில்லை?"

படிப்பு வந்தால் இதெல்லாம் போய்விடும் என்று யார் சொன்னது? அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் 1848 இலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். பிறகு மருத்துவப் புத்தகங்களைத் தமிழிலும் பெயர்த்தார். அன்று தொட்டு ஆங்கில மருந்தோடு பழகிய ஊர் இது. ஒரு கையில் மருந்துத் துண்டு, மறு கையில் மந்திரித்த நூல் என்று இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அதில் ஒரு முரணும் தெரிவதில்லை.

நூல் நிலைத்து நிற்பதற்குக் காரணம், அது பலிப்பதுபோல் தெரிவதுதான். பல வருத்தங்கள் தாமாகவே மாறக்கூடியவை. செங்கமாரியையே எடுங்கள். அது ஹெப்படைட்டிஸ் ஏ கிருமியால் வந்ததென்றால், அநேகமானோருக்குச் சில கிழமைகளில் ஈரல் தானாகத் தேறிவிடும். இடையில் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தால் பெயர் இலைக்கு. தண்ணீர் ஓதிக் கொடுத்தால் பெயர் ஓதியவருக்கு. கூகைக்கட்டுக்குத் தங்கச் சங்கிலி போடுவதும் அப்படித்தான். வீக்கம் எப்படியும் வற்றும், புகழ் சங்கிலிக்குப் போகும்.

இப்படிச் சேர்த்த பெயரை நம்பி, தானாக மாறாத வருத்தத்தோடும் அதே வாசலுக்குப் போகிறோமே, அங்கேதான் ஆபத்து. 2024 டிசெம்பரில் மழை வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலில் ஆட்கள் இறந்தார்கள். முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள்; பிறகு பார்த்தால் எலிக்காய்ச்சல். அதிலும் கண் மஞ்சளிக்கும். கண்ணைப் பார்த்துவிட்டுச் செங்கமாரிதான் என்று இலையோடு வீட்டில் இருந்தால், சிறுநீரகம் பழுதாகும்வரை பொறுக்க வேண்டியதுதான். நேரத்தோடு போனால் சாதாரண அன்டிபயோட்டிக்கிலேயே மாறக்கூடிய நோய்.

பாம்புக்கடி இன்னும் மோசம். கடித்த பாம்பு விஷமில்லாததாக இருக்கலாம். விஷப் பாம்பும் சில வேளை விஷம் இறக்காமல் கடிக்கும். அந்த ஆட்கள் எல்லோரும் விஷகடி வைத்தியரின் கணக்கில் 'தப்பியவர்கள்' ஆகிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் செய்வது மிக எளிய சோதனை: கொஞ்சம் இரத்தத்தை எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீர்போல் ஓடினால், கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் உடம்பில் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதைக் கடிவாயில் வைக்கும் விஷக்கல் சொல்லாது. எட்டடி விரியன் என்கிற கட்டுவிரியன் வேறு வகை; அது இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலிகூடப் பெரிதாக இராது. விடியும்போது வயிற்றுவலி, கண்ணிமை தூக்க முடியாமை. "பேய் அறைஞ்சிட்டுது" என்று சொல்ல இதைவிடத் தோதான வருத்தம் ஏது?

சரி, படித்தவர்கள் ஏன்? நம்பிக்கையைவிடப் பழிக்குப் பயம் என்பது என் எண்ணம். பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால் "ஒருக்கா பார்வை பார்த்திருக்கலாமே" என்று மாமி சொல்வா, அதைத் தாய் ஆயுசுக்கும் கேட்க வேண்டும். நூல் கட்டினால் அந்தப் பேச்சு இல்லை. நூறு ரூபாவும் அரை மணித்தியாலமும் அதற்குப் பெரிய விலையா? அதோடு, பார்வை பார்ப்பவர் இருத்திவைத்து எல்லாக் கதையும் கேட்பார். கிளினிக்கில் நெரிசலுக்குள் டொக்டருக்கு அதற்கு நேரம் எங்கே?

எல்லாவற்றையும் ஒரே தராசில் போட நான் தயாரில்லை. அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் வேப்பிலை செருகி, வெளியாட்கள் வராமல் தடுத்தது தொற்றுக்கு நல்ல மறிப்புத்தான். ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால், அம்மாள் கோபிப்பா என்று மருந்து எடுக்காமல் இருப்பது விளையாட்டில்லை. கட்டிக்குக் 'கத்தி பட்டால் பரவும்' என்று சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவதும், அட்டமத்துச் சனி போகட்டும் என்று காத்திருப்பதும் அதே வகை.

எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் சண்டை பிடிப்பதை நான் விட்டுவிட்டேன். பெரியம்மா "முதல்ல பார்வை பாப்பம்" என்றால், "பாருங்கோ பெரியம்மா, பார்வை பாக்கிறவரையும் ஓட்டோவில ஏத்துங்கோ, பெரியாஸ்பத்திரிக்குப் போற வழியில பார்க்கட்டும்" என்பேன். அவர் ஏறுவதில்லை, அது வேறு கதை.