வரி எண் சரி, ஃபைல் பெயர் மட்டும் தப்பு: ட்வார்ஃப் 5 தரும் தலைவலி

கேள்வி: பெருங்குடியில் வேலை பார்க்கிறேன். கிராஷ் லாகில் வரும் முகவரிக்கு ஃபைல் பெயரும் வரி எண்ணும் காட்டும் சின்ன ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றை ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறேன். கம்பைலர் பைனரிக்குள் டீபக் தகவலை எழுதிவைக்கும் வடிவம்தான் ட்வார்ஃப், அதன் பதிப்பு 5-க்கான ஆதரவை நானே எழுதிச் சேர்த்தேன். ஜிசிசி கம்பைலரின் பதிப்பு 11-க்கு மாறியவர்கள், ஹெடரில் உள்ள ஃபங்ஷனுக்கும் மெயின் சி ஃபைலின் பெயரே வருகிறது என்கிறார்கள். எங்கே பார்ப்பது?

பதில்: ஃபைல் எண்ணில் ஒன்றைக் கழிக்கும் வரி உங்கள் கோடில் எங்கேயோ இருக்கும், முதலில் அதைப் பிடியுங்கள். எந்த முகவரி எந்த ஃபைலின் எந்த வரி என்று சொல்லும் லைன் டேபிளில், ட்வார்ஃப் 4 வரை ஃபைல்களை 1-இலிருந்து எண்ணினார்கள், அதனால் கழிக்க வேண்டியிருந்தது. 2017-இல் வந்த ட்வார்ஃப் 5-இல் 0-இலிருந்து, கழிக்கக் கூடாது. ஜிசிசி 11-இல் ட்வார்ஃப் 5 தான் டீஃபால்ட்.

டெஸ்டில் ஏன் சிக்கவில்லை என்றால், ஜிசிசி வழியாக வரும் டேபிளில் மெயின் ஃபைல் பெரும்பாலும் 0-இலும் 1-இலும் இரண்டு தடவை இருக்கும். 1-ஐக் கேட்கும்போது நீங்கள் தப்பாக 0-ஐ எடுத்தாலும் அதே பெயர்தான் வரும், டெஸ்ட் பாஸ். முதல் ஹெடர் 2-இல் இருக்கிறது, அதற்கு 1-ஐ எடுப்பதால்தான் மெயின் பெயர் வருகிறது. இன்னொரு கம்பைலரான கிளாங் இப்படி இரட்டிப்பதில்லை, மெயின் ஃபைலை 0 என்றே குறிக்கும். அதில் ஒன்றைக் கழித்து, மாறியும் அன்சைண்டாக (மைனஸ் எண் ஏற்காததாக) இருந்தால், ராட்சத எண்ணாகிக் கருவியே விழுந்துவிடும். கிளாங் 14 முதல் அங்கேயும் 5 தான் டீஃபால்ட், அந்தப் புகார் இன்னும் வரவில்லையென்றால் சீக்கிரம் வரும்.

சரி, கழிப்பதா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? ஒவ்வொரு லைன் டேபிளின் தலைப்பிலும் அதற்கென்று பதிப்பு எண் இருக்கிறது, அதை மட்டும் நம்புங்கள். பைனரி முழுக்க ஒரே பதிப்பு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது, ஏனென்றால் வெண்டர் கொடுத்த பழைய ஸ்டேடிக் லைப்ரரி 4-இலும் சொந்தக் கோடு 5-இலும் இருந்தால் லிங்கர் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துவிடும்.

புகார் சொல்பவரிடம் பைனரி கேட்காதீர்கள். "கிளையன்ட் ப்ராஜெக்ட், வெளியே தர முடியாது" என்பார்கள், நியாயம்தான். பைனரிக்குள் இருப்பதைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியில் ராலைன் (rawline) ஆப்ஷன் கொடுத்தால் வரும் லைன் டேபிள் டம்ப் போதும், வெறும் டெக்ஸ்ட் என்பதால் ஃபோல்டர் பெயர்களை மாற்றிவிட்டு அனுப்பலாம்.

டெஸ்டுக்கு ஒரு சி ஃபைல், இன்லைன் ஃபங்ஷனோடு இரண்டு ஹெடர். இரண்டு கம்பைலர், இரண்டு ட்வார்ஃப் பதிப்பு என நான்கு விதமாகக் கட்டி, விடையை ரீட்எல்ஃபோடு ஒப்பிடுங்கள். வந்த ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் ரெப்போவிலேயே போடுங்கள். பைனரியைக் கமிட் செய்யக்கூடாது என்று சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் நாளைய கம்பைலர் இதே டேபிளை எழுதித் தராது.

அடுத்த ரிலீஸ் வரை பயனர்களை ட்வார்ஃப் 4 ஆப்ஷனோடு கம்பைல் செய்யச் சொல்லலாம். ரீட்மியில் மட்டும் அதை எழுதிவிடாதீர்கள், அப்புறம் யாரும் அப்டேட் செய்ய மாட்டார்கள்.